படியாத நீலம்: வீட்டில் அவுரிச் சாயம் எடுக்கும் பெட்டிக்கு ஒரு மதிப்புரை

இரண்டு கிலோ அவுரி இலையை ஊறவைத்து, சாற்றை வடித்து, சுண்ணாம்பு சேர்த்துக் கலக்கிய பிறகு, "இரண்டு மணி நேரத்தில் நீலம் அடியில் படிந்துவிடும்" என்ற குறிப்பேட்டின் வரியை நம்பி நான் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையிலும் வாளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான கலங்கலாகத்தான் நின்றது. கரண்டியை இரண்டு விரற்கடை உள்ளே இறக்கினாலே அது கண்ணுக்கு மறைந்தது. பச்சையும் நீலமும் கலந்த அந்த நீரை வடிதுணியில் ஊற்றிப் பார்த்தபோது, முதலில் ஊற்றிய நிறத்திலேயே மறுபக்கம் வழிந்தது. சற்று நேரத்தில் துணியின் கண்கள் அடைத்துக்கொண்டு சொட்டுவதும் நின்றுபோனது. இணையத்தில் வாங்கிய இந்தப் பெட்டியைக் குறைசொல்ல எனக்கு அப்போதே ஆத்திரம் இருந்தது. ஆனாலும் தவறு பெட்டியிலா, இலையிலா, என் கையிலா என்று தெரியாமல் எழுதுவது முறையல்ல என்பதால், இரண்டாம் முறையும் செய்து பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பெட்டியின் விலை 1,850 ரூபாய். அதற்கு 20 லிட்டர் கொள்ளும் மூடியிட்ட வாளி, இலையைக் கட்டி ஊறவைக்க ஒரு நைலான் வலைப்பை, மீன்தொட்டிக்குப் போடும் சிறிய காற்று பம்பு, அதற்கான குழாயும் நுரைக்கல்லும், 250 கிராம் சுண்ணாம்புத் தூள், நீரின் காரம் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் பிஎச் தாள் ஒரு கட்டு, ஒரு வடிதுணி, இரண்டு பக்கக் குறிப்பேடு ஆகியவை வந்தன. இலை பெட்டியோடு வராது. நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கேட்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் தென்மாவட்டங்களில் பேதிக்குக் கொடுக்கும் சென்னாவையும் அவுரி என்றே சொல்லும் வழக்கம் உண்டு, அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீலம் வராது. எனக்குத் திண்டிவனம் பக்கத்தில் உறவினர் ஒருவரின் வயல் ஓரத்தில் நீலம் தரும் அவுரியே நின்றிருந்தது. பூ எடுக்கத் தொடங்கியிருந்த செடிகளைக் காலையில் அறுத்து, அன்று மதியத்துக்குள் வாளியில் அமுக்கிவிட்டேன்.

முதல் முறை குறிப்பேட்டில் இருந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் செய்தேன். இலையை 48 மணி நேரம் ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள். சித்திரை மாத வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் எங்கள் கூடத்தில், முதல் நாள் இரவிலேயே நீரின் மேல் செம்பு நிறத்தில் மினுங்கும் ஓர் ஏடு படர்ந்திருந்தது. மறுநாள் மாலை அந்த ஏடு கலைந்து, மாட்டுக்கொட்டகையை நினைவூட்டும் வாடை அடிக்கத் தொடங்கியது. இலையைத் தொட்டால் கூழாக நழுவியது. இருந்தும் ஏட்டுச்சுரைக்காயை நம்பி இரண்டாம் நாள் முடியும்வரை விட்டுவைத்தேன். பின்னர் 50 கிராம் சுண்ணாம்பைக் கொட்டி, காற்று பம்பை ஓடவிட்டு, குறிப்பேட்டின்படி இரவு முழுவதும் அப்படியே வைத்தேன். அதன்பின் நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

இந்த வேலையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் குறிப்பேடு அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவுரி இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிகன் என்னும் நிறமற்ற பொருளாக, சர்க்கரையோடு பிணைந்து, நீரில் கரையும் நிலையில் இருக்கிறது. ஊறும்போது இலையின் நொதிகள் அந்தச் சர்க்கரையைப் பிரித்துவிட, இண்டாக்சில் என்பது நீரில் இறங்குகிறது. நீர் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்வது அப்போதுதான். சுண்ணாம்பால் அந்த நீரைக் காரமாக்கிக் காற்றுப் படும்படி அடித்தால், இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து, நீரில் கரையாத நீலமாகின்றன. கரையாது என்பதற்காக அது உடனே அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்று நினைப்பதில்தான் நம்மைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம்.

நீலத்தின் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். மணல் போலத் தொபுக்கென்று விழாது. துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதை ஸ்டோக்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் 1851-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை என் வாளிக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் வெப்பநிலையில், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில், 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நீலத் துகள் அடியைத் தொட ஏறத்தாழ மூன்றரை மணி நேரமாகும். அதே துகள் 1 மைக்ரானாக இருந்தால் நூறு மடங்கு நேரமாகும், அதாவது இரண்டு வாரம். ஆகவே கேள்வி எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதன்று. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளவில்லையே, ஏன் என்பதுதான். அவை எல்லாம் ஒரே வகை மின்னேற்றத்தைத் தாங்கி ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்கின்றன. சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் அயனி அந்த விலக்கத்தை அடக்கித் துகள்களைத் திரள வைக்கிறது. அதோடு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகும் கால்சியம் கார்பனேட், நீரைப்போல் 2.7 மடங்கு கனமானது என்பதால், நீலத் திரளைக் கீழே இழுத்துச் செல்லும் பாரமாகவும் உதவுகிறது. சுண்ணாம்புக்குப் பதிலாகச் சலவைச் சோடாவோ காஸ்டிக் சோடாவோ போட்டாலும் நீர் காரமாகும், நீலமும் உண்டாகும். ஆனால் கால்சியம் இல்லாததால் மிக நுண்ணிய துகள்களாக நின்று நாள்கணக்கில் படியாமல் படுத்தும்.

இவ்வளவும் தெரிந்தபின், என் வாளியில் எது குறைந்தது என்று அறிய நான்கு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொண்டேன். முதல் தம்ளரில் கலங்கல் நீரை அப்படியே விட்டேன். இரண்டாவதை மற்றொரு தம்ளருக்கு மாற்றி மாற்றி, காபி ஆற்றுவது போல, ஐம்பது முறை ஆற்றினேன். மூன்றாவதில், கடையில் சுட்ட கிளிஞ்சல் வாங்கி வந்து வீட்டிலேயே நீற்றிய புதுச் சுண்ணாம்பைக் கரைத்து ஒரு தேக்கரண்டி விட்டேன். நான்காவதில் அதே சுண்ணாம்பை விட்டு, ஐம்பது முறை ஆற்றவும் செய்தேன். நான்கு மணி நேரத்துக்குப் பின் முதல் தம்ளர் இருந்தபடியே இருந்தது. இரண்டாவது இன்னும் ஆழ்ந்த நீலமாயிற்று, ஆனால் தெளியவில்லை. மூன்றாவதில் அடியில் கொஞ்சம் படிந்திருந்தாலும் மேல்நீர் பச்சையாகவே நின்றது. அதாவது நீலமாக வேண்டியது முழுதும் நீலமாகவில்லை. நான்காவது தம்ளரில் மட்டும், ஆற்றி வைத்த கால் மணி நேரத்திலேயே, பால் திரிவதைப் போல நீலம் சிறு சிறு திரளைகளாகப் பிரிந்து, கண் பார்க்க இறங்கத் தொடங்கியது. மேல்நீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் பெட்டியோடு வந்த சுண்ணாம்புக்கு என்ன கேடு? தூளை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் மாவு போல வழுக்காமல் நறநறவென்றது. ஒரு தட்டில் சிட்டிகை அளவு வைத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டேன். ஈனோ உப்பைப் போலச் சீறிப் பொங்கியது. நீற்றிய சுண்ணாம்பு நல்ல நிலையில் இருந்தால் வினிகரில் சத்தமின்றிக் கரையும். பொங்குகிறது என்றால் அது காற்றைக் குடித்துக் குடித்து வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறிவிட்டது என்று பொருள். மெல்லிய காகித உறையில், உள்ளே ஒரு பாலித்தீன் பைகூட இல்லாமல் அடைத்து அனுப்பினால் வேறென்ன நடக்கும்? 50 கிராம் போட்டும் பிஎச் 8-ஐத் தாண்டாததும், வாளியின் அடியில் நீலத்துக்குப் பதிலாக வெள்ளைச் சேறு கிடந்ததும் அப்போதுதான் விளங்கின. தெளிந்த நல்ல சுண்ணாம்பு நீர் தனியாக 12-க்கு மேல் காட்ட வேண்டும். இதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். அனுப்புவதற்கு முன் விற்பவரும் சோதித்திருக்கலாம்.

பிஎச் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாள் மோசமில்லை, ஆனால் நீலச் சாற்றில் நேரடியாக முக்கினால் தாளின் நிறத்தைச் சாற்றின் நிறம் விழுங்கிவிடுகிறது. எல்லாமே 11 போலத் தெரியும். கை துடைக்கும் மெல்லிய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, நீலம் நடுவில் தங்கி, ஈரம் மட்டும் வளையமாகப் பரவிய இடத்தில் தாளை ஒற்றி எடுத்தால் சரியான நிறம் கிடைக்கிறது. தாள் தீர்ந்துபோனவர்கள் மஞ்சள் தூளைக் கொண்டு பார்க்கலாமா என்று கேட்கலாம். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவப்பாவது போல அதுவும் சிவக்கும்தான். ஆனால் மஞ்சள் 9 அளவிலேயே சிவந்துவிடும் என்பதால், நமக்கு வேண்டிய 10-க்கும் 11-க்கும் இடைப்பட்ட நிலையை அது பிரித்துக் காட்டாது.

அந்த ஈர வளையமே இன்னொன்றையும் சொல்லும். வளையம் பச்சையாகப் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறினால், இன்னும் ஆற்ற வேண்டும். தெளிந்த பழுப்பு மஞ்சளாகவே நின்றுவிட்டால் ஆற்றியது போதும். நுரையும் இதையே காட்டும்: முதலில் கருநீலமாக எழும் நுரை, வேலை முடியும் நேரத்தில் வெளுத்து, தானே அமுங்கும். குறிப்பேட்டில் இவை எதுவுமே இல்லை. பம்பை இரவு முழுவதும் ஓடவிடு என்றால், அடியில் திரண்ட கட்டிகளைக் குமிழிகள் விடியும்வரை உடைத்துக்கொண்டே இருக்கும். படியாததற்கு என் கணக்கில் அதுவும் ஒரு காரணம். அந்தப் பம்பு மீன்தொட்டிக்குப் போதும். பத்து லிட்டர் சாற்றை ஆக்சிஜனேற்ற அதை நம்பியிருப்பதைவிட, இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு தோள் உயரத்திலிருந்து ஆற்றுவதே மேல். தொழிலாகச் செய்பவர்கள் தொட்டிக்குள் இறங்கிக் காலாலும் துடுப்பாலும் அடிப்பது இதற்காகத்தான்.

இரண்டாம் முறை, ஊறவைக்கும் நேரத்தை மாற்றினேன். மாலை ஆறு மணிக்கு அமுக்கி, காலை எட்டு மணிக்கு, செம்பு ஏடு படர்ந்து, வாடை வருவதற்கு முன்பாகவே இலையை எடுத்துவிட்டேன். நீர் 31 டிகிரியில் இருந்தது. நேரம் மிகுந்தால் இலையின் பசையும் சிதைந்த சதையும் சாற்றில் இறங்கி, நீலத் துகளைச் சுற்றிக்கொண்டு திரள விடாமல் தடுக்கின்றன. சாற்றை வலைப்பையோடு நிறுத்தாமல் பழைய வேட்டித் துணியிலும் வடித்தேன். புதுச் சுண்ணாம்பு லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், தனியாகக் கரைத்து, கட்டியும் மணலும் அடியில் தங்கியபின் மேலே நின்ற பாலை மட்டும் சிறிது சிறிதாக ஊற்றி, பிஎச் 10-ஐத் தாண்டியதும் நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆற்றியதில் வளையம் பழுப்பாயிற்று. வாளியை வெயில் படாத மூலையில், தரையில் வைத்தேன்; ஒரு பக்கம் சூடேறினால் நீர் உள்ளுக்குள்ளேயே சுழன்று, படிவதைக் கலைக்கும். இரவு படுக்கப் போகுமுன் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பக்கவாட்டில் ஒரு சாண் உயரத்துக்குத் தெளிந்திருந்தது. காலையில் அடியில் மூன்று விரற்கடை நீலக்கூழ், மேலே தேநீர் நிற நீர். குழாயை வைத்து மேல்நீரை இறக்கியபோது கூழ் அசையவில்லை.

இதோடு சிக்கல் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. கூழைக் கழுவ முதல் முறை போர்வெல் தண்ணீர் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் மீண்டும் படிந்தது. இரண்டாம் முறை, சுத்தமாகக் கழுவுகிறேன் பேர்வழி என்று, சமையலறை ஆர்ஓ தண்ணீரை விட்டேன். மாலைவரை கலங்கலாகவே நின்றுவிட்டது. திரளையைக் கட்டிவைத்திருந்த உப்புகளை நாமே கழுவி அகற்றிவிட்டால், துகள்கள் மறுபடியும் விலகிக்கொள்கின்றன. அதே போர்வெல் தண்ணீரில் ஒரு கரண்டி தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்த்து விட்டதும் கட்டுப்பட்டது. வேறு எதற்கும் உதவாத எங்கள் தெருக் கடின நீர் இதற்காவது உதவியது.

முதல் முறைக் கலங்கலையும் நான் கொட்டிவிடவில்லை. புதுச் சுண்ணாம்பு சேர்த்து ஆற்றி, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் 60 டிகிரிவரை சூடாக்கி இறக்கிவைத்தேன். அந்தச் சூட்டில் நீரின் பாகுத்தன்மை அறை வெப்பத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதியாகிவிடுவதால், துகள் இறங்குவது எளிதாகிறது, அழுகலும் நிற்கிறது. வங்காளத்தின் பழைய நீலத் தொழிற்சாலைகளிலும் படிந்த கூழைக் கொதிக்கவைத்த பிறகுதான் பிழிந்தார்கள். அலுமினியப் பாத்திரத்தை மட்டும் எடுக்காதீர்கள், காரம் அதை அரித்துவிடும். அந்த நீலம் ஒரே இரவில் படிந்தது. ஆனால் சாம்பல் பூத்த மங்கிய நிறம்தான். படிகாரம் போட்டால் விரைவாகப் படியும் என்று ஒரு நண்பர் சொன்னார். படியும், உண்மைதான், ஆனால் அலுமினியத்தின் கூழ் நீலத்தோடு சேர்ந்து எடையைக் கூட்டி நிறத்தைக் குறைக்கும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. சிறிய அளவில், பாட்டிலில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: பாட்டிலை நேராக நிறுத்தாமல் சாய்த்து வையுங்கள். சாய்ந்த குழாயில் இரத்த அணுக்கள் விரைவாகப் படிவதை பாய்காட் என்ற மருத்துவர் 1920-இல் கண்டு எழுதினார். துகள்கள் சிறிது தூரம் இறங்கியதுமே பக்கச் சுவரைத் தொட்டு வழுக்கிக்கொண்டு போவதுதான் காரணம்.

வடிதுணி கனமான காடாத் துணி. கூழ் நன்றாகத் திரண்டிருந்தால் போதுமானது. காய்ந்ததும் இரண்டாம் முறை நீலம் 14 கிராம் இருந்தது. வினிகரில் ஊறவைத்து, பொங்கி அடங்கியபின் கழுவிக் காயவைத்தால் 9 கிராம். மற்ற 5 கிராமும் என் கணக்கில் சுண்ணாம்புதான். நகத்தால் தேய்த்தால் செம்பு போல மினுங்கும் கட்டி கிடைத்தது. இரண்டு கிலோ இலைக்கு இது எனக்கு நிறைவான அளவு.

விற்பவருக்கு எழுதியபோது மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது, பணம் எதுவும் கேட்காமல் வேறொரு சுண்ணாம்புப் பொட்டலமும் அனுப்பினார்கள். அதுவும் அதே காகித உறையில் வந்தது. வினிகரில் அதுவும் பொங்கியது. வாளி, பை, பம்பு, துணி எல்லாம் கடைத்தெருவில் வாங்கினால் எனக்கு 1,100 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். மீதிப் பணம் அந்தச் சுண்ணாம்புக்கும் குறிப்பேட்டுக்கும் கொடுத்ததாகிறது, அந்த இரண்டும்தான் என்னைக் கைவிட்டன. ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். சுண்ணாம்பைக் காற்றுப் புகாத டப்பாவில் அனுப்பி, 48 மணி நேரம் என்பதை 12 முதல் 16 என்று திருத்தினால், நான்கு கொடுக்கத் தயங்கமாட்டேன்.

ஏற்கெனவே வாங்கி, வாளி கலங்கலாக நிற்கிறவர்கள் அதைக் கொட்டிவிட வேண்டாம். சுண்ணாம்பை வினிகரில் சோதித்து, ஒரு தம்ளர் சாற்றில் புதுச் சுண்ணாம்பை விட்டு ஆற்றிப் பாருங்கள். திரிந்தால் வாளி முழுவதற்கும் அதையே செய்யலாம். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், மிஞ்சியதைத் தண்ணீருக்கடியில் மூடிவையுங்கள். ஊறிய இலைச் சக்கை தோட்டத்துக்கு நல்ல எரு. நீலம் படிந்தபின் இறக்கும் மேல்நீரை மட்டும் அப்படியே செடிக்கு ஊற்றாதீர்கள்; நான் ஊற்றிய கறிவேப்பிலைக் கன்று ஒரே வாரத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, இப்போதுதான் மறுபடி துளிர்க்கிறது.